கடைசி இறுக்கலுக்கு ஒரு கருவி

சில்லைக் கழற்றும்போது டோர்க் ரென்ச்சைத் தொடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கழற்றுவதற்கு வீல் பிரேஸ் இருக்கிறது, நீளக் கம்பி இருக்கிறது, எதற்கும் மசியாத நட்டுக்குக் குழாய்த் துண்டை மாட்டி நெம்பும் வழக்கமும் இருக்கிறது. இவையெல்லாம் தங்கள் வேலையை முடித்து ஓரமாகக் கிடக்கும்போதுதான் டோர்க் ரென்ச் பெட்டியைவிட்டு வெளியே வரவேண்டும். பார்வைக்குச் சாவி மாதிரி இருந்தாலும் அது பார்ப்பது அளக்கும் வேலை. நகைக்கடைத் தராசில் யாரும் சீமெந்து மூடையை ஏற்றுவதில்லை.

கெலிஓயாவில் கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கருவி ஏன் வேண்டும் என்று கேட்டால், பதில் நம் பாதைகளில் இருக்கிறது. பேராதனையில் தொடங்கும் ஏ5 பாதை நம் கடைவீதியைக் கடந்து கம்பளை, புசல்லாவை என்று ஏறி, றம்பொடை வளைவுகள் வழியாக நுவரெலியாவுக்குப் போகிறது. கொழும்புக்குப் புறப்பட்டால் கடுகண்ணாவை இறக்கம். தவுலகல பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் டிஸ்க் கொதிக்கும். ஒரு நட் அளவுக்கு மீறி இறுகி, பக்கத்து நட் தளர்ந்து இருந்தால், சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவே அகப்பட்ட டிஸ்க் மயிரிழை அளவு கோணும். பிரேக் பட்டை ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோணலில் உரச, டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. சில மாதம் போனதும், மாவனெல்லைப் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். பலர் டிஸ்க்கைச் சீவக் கொடுக்கிறார்கள். சீவியதும் நடுக்கம் போகும், பிறகு திரும்ப வரும். சில்லு இறுக்கிய விதத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் ஓடியவை பெரும்பாலும் பழைய வாகனங்கள்தான், அவற்றில் சில எத்தனையோ டயர் கடைகளில் ஏறி இறங்கிவிட்டன. அவற்றின் ஸ்டட்டுகள், அதாவது நட் ஏறும் மரைத்தண்டுகள், ஏற்கெனவே நிறையப் பட்டவை.

நட் எதைப் பிடித்திருக்கிறது

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்டட்டுகள் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட உருக்குப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவை சில்லை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மில்லிமீற்றர் ஸ்டட் ஒன்றில் 103 நியூட்டன் மீற்றர் வைத்தால் ஏறத்தாழ நாலு தொன் அழுத்தம் கிடைக்கும். அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சில்லை நகரவிடாமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சில்லு அசையும், அசைந்தால் நட் கழன்றுவரும். அளவுக்கு மிஞ்சினால் ஸ்டட் திரும்ப முடியாத அளவுக்கு நீண்டு, ஒருநாள் முறியும்.

நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது. இன்னும் நாற்பது வீதம்போல மரைகளில் போகிறது. மிஞ்சும் பத்து வீதம்தான் ஸ்டட்டை நீட்டுகிறது. இதனால்தான் மரையில் கிறீஸ், எண்ணெய், டபிள்யூடி-40 எதையும் பூசக்கூடாது. வழுக்கல் கூடினால் அதே 103-இல் ஸ்டட் கால்வாசிக்கும் அதிகமாக இழுபடலாம். கருவி சரியான இடத்தில் கிளிக் அடிக்கும், ஆனால் ஸ்டட் நீண்டிருக்கும். மண்ணும் துருவும் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும்.

இந்தக் கருவியே இப்படியொரு தொல்லையில்தான் பிறந்தது. நியூயோர்க் நகர நீர்விநியோகத் திணைக்களத்தில் வேலை செய்த கொன்றட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய்களின் மூட்டுகளில் போல்ட்டுகளை ஆட்கள் மிதமிஞ்சி இறுக்கி முறிப்பதைத் தடுக்க 1918-இல் இதை உருவாக்கினார். பலம் போதாத கைக்காக வந்த கருவி என்று பலர் நினைத்திருக்கலாம். பலம் கூடிய கையைக் கட்டுப்படுத்தத்தான் அது வந்தது.

காற்றுக் கன்னும் டயர் கடையும்

கண்டி வீதியில் டயர் கடைக்குப் போனால் காற்றுக் கன்னால் இரண்டு நிமிடத்தில் நாலு சில்லையும் பூட்டித் தருவார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாதாரண அரை அங்குலக் கன் பல நூறு நியூட்டன் மீற்றர் வரை தள்ளக்கூடியது. எவ்வளவு தள்ளியது என்பது காற்றழுத்தத்தையும், டயர் கடை பாஸ் விசையை எத்தனை விநாடி அமுக்கிப் பிடித்தார் என்பதையும் பொறுத்தது. முதல் நட்டுக்கு நிரம்பிய கொம்பிரசர், கடைசி நட்டுக்குப் பாதி. ஒரே சில்லில் ஐந்து நட்டும் ஐந்து அளவு.

பாஸின் மனம் நோகாமல் இதைச் சொல்லலாம்.

"நானா, கன்ன லேசா தட்டினா போதும். கடைசி இறுக்கல் நான் செஞ்சுக்கிறேன்."

"ஏன் தம்பி, நம்ம இறுக்கினது பத்தாதா?"

"பத்தாதுன்னு இல்ல நானா, கூடிப்போகுது. பாதையில காத்துப் போனா என்னால கழட்ட ஏலாது."

பெரும்பாலும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுப்பார்கள். மொரட்டுவையில் எல்லோரும் 'ஜேர்மன் டெக்' என்று சொல்லும் பயிற்சி நிறுவகத்தில் படித்து வந்த பாஸ் என்றால் அவரே டோர்க் ரென்ச் வைத்திருப்பார். அப்படிப்பட்ட கடை கிடைத்தால் விடாதீர்கள்.

எண் எங்கே இருக்கிறது

டொயோட்டா விட்ஸ், எக்சியோ, அக்குவா, பிரியஸ் போன்றவற்றுக்கு 103 நியூட்டன் மீற்றர். ஹொண்டா ஃபிட், வெசல் 108. சுசுகி வேகன் ஆர் போன்ற சிறிய கார்களுக்கு 85. ஆனாலும் உங்கள் காரின் கையேட்டை ஒருமுறை பாருங்கள். ஜப்பானிலிருந்து நேரே வந்த காரில் கையேடு ஜப்பான் மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம். சில்லு மாற்றும் படம் உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்தால் 103-உம், பக்கத்தில் அடைப்புக்குள் 1050-உம் இருக்கும். முதல் எண் நியூட்டன் மீற்றர், இரண்டாவது கிலோகிராம் சென்ரிமீற்றர். இரண்டும் ஒரே அளவுதான்.

பெரும்பாலான ரென்ச்சுகளில் அடி-இறாத்தல் அளவும் பொறித்திருக்கும். 103 நியூட்டன் மீற்றருக்கு அது 76. தவறுதலாக அடி-இறாத்தல் பக்கத்தில் 103 வைத்தால் கிட்டத்தட்ட 140 நியூட்டன் மீற்றர் இறுக்கிவிடுவீர்கள். வாங்கிய அன்றே நியூட்டன் மீற்றர் அளவுக்குப் பக்கத்தில் ஒரு துளி வெள்ளை நகப்பூச்சு வைத்துவிடுங்கள்.

வாங்குவதானால் அரை அங்குலத் தலையும், 40 முதல் 200 நியூட்டன் மீற்றர் வரையிலான வீச்சும் உள்ள கிளிக் ரென்ச் நம் கார்களுக்குப் பொருந்தும். மிகப் பெரிய வீச்சுள்ளதை வாங்காதீர்கள், எந்த ரென்ச்சும் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. கூடவே 21 மில்லிமீற்றர் சொக்கெட் டொயோட்டாவுக்கு, 19 ஹொண்டாவுக்கும் சுசுகிக்கும். பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் ரென்ச்சுகள் கண்ணைப் பறிக்கும். நல்லவையும் உண்டு. ஆனால் முந்திய சொந்தக்காரர் அதை வைத்து எதை நெம்பினார் என்று யாருக்கும் தெரியாது. கீழே சொல்லும் அரிசிச் சோதனையில் தேறாததற்குக் காசு கொடுத்துப் பயனில்லை.

103 வைப்பது எப்படி

கைப்பிடியின் அடியில் உள்ள பூட்டைத் தளர்த்துங்கள். தண்டில் நெடுக்காக ஓர் அளவும், கைப்பிடி விளிம்பைச் சுற்றி இன்னோர் அளவும் தெரியும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் தண்டில் 42, 56, 70, 84, 98, 112 என்று பதினாலு பதினாலாக ஏறும். சுற்றளவில் 0, 2, 4 என்று 12 வரை போகும். கைப்பிடியைத் திருப்பி, விளிம்பு 98-ஆம் கோட்டில் நிற்க, சுற்றளவின் பூச்சியம் நடுக்கோட்டோடு நேராகும்படி வையுங்கள். அங்கிருந்து ஐந்து கூட்டினால் 103. நாலுக்கும் ஆறுக்கும் நடுவே கோடு நிற்கும். வேகன் ஆருக்கு 84-க்கு மேல் ஒன்று, ஃபிட்டுக்கு 98-க்கு மேல் பத்து. எப்போதும் கீழிருந்து மேலே ஏறி நில்லுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள். பிறகு பூட்டை இறுக்குங்கள். பூட்டை மறந்தால் இறுக்கும்போது கைப்பிடி உருண்டு அளவு மாறிவிடும்.

கழற்றலும் பூட்டலும்

சமதரை தேடுங்கள். ஹந்தானைச் சரிவில் உள்ள வீட்டு முற்றம் இதற்குச் சரிப்படாது. ஹேண்ட்பிரேக், கியர் பார்க்கில், ஹைபிரிட் என்றால் பவரை முற்றாக நிறுத்தி, ஜெக் போடும் சில்லுக்குக் குறுக்கு மூலையில் உள்ள சில்லுக்கு இருபுறமும் மரக்கட்டை. கல் வைப்பவர்களும் உண்டு. மழை நாளில் உருண்டைக் கல் தார் றோட்டில் சறுக்கும், மரக்கட்டை நல்லது.

ஜெக்கைத் தூக்குமுன்பே பிரேஸால் எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு நெம்பினால் கார் ஆடும். தூக்கியதும் கழற்றிய சில்லைப் படுக்கவைத்துக் காரின் ஓரக்கட்டைக்கு அடியில் தள்ளிவையுங்கள், ஜெக் வழுக்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். ஜெக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக்கூடாது. நுழைத்தே ஆகவேண்டிய வேலையென்றால் அதற்கென்று விற்கும் இரும்புக் கால்கள் போடுங்கள்.

பழைய கென்டர் போன்ற ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளின் நட் மறுபக்கமாகக் கழலும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். இரவல் லொறியில் நெம்பி நெம்பி இறுக்கிவிட்டு முறிந்த ஸ்டட்டோடு நிற்பவர்களை எந்தக் கராஜிலும் பார்க்கலாம்.

சில்லை எடுத்ததும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். நம் ஈரக் காற்றில் அங்கே துரு தடித்துப்போய் இருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் சில்லை ஏற்றினால் அது துருவின் மேல் உட்காரும். துரு நசுங்க நசுங்க அழுத்தம் குறையும். இறுக்கியபோது கிளிக் அடித்த நட் வாரம் கழித்துத் தளர்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அலோய் சில்லு மாற்றியவர்கள் நட்டின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி உருண்டையாக இருக்கும், வெளியில் வாங்கும் அலோய்களில் பல கூம்பு வடிவம் கேட்கும். உருண்டை நட் கூம்புக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். ரென்ச் அங்கேயும் கிளிக் அடிக்கத்தான் செய்யும்.

பூட்டும்போது நட்டுகளைக் கைவிரலால் ஏற்றுங்கள். நாலைந்து சுற்று விரலால் போகாத நட் கோணலாகப் பிடித்திருக்கிறது, எடுத்து மறுபடி வையுங்கள். பிறகு பிரேஸால் மெதுவாக, ஒன்று விட்டு ஒன்றாக. நாலு நட் என்றால் எதிரெதிர், ஐந்து என்றால் நட்சத்திரம் வரைகிற ஒழுங்கு. வட்டமாகப் போனால் சில்லு ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும். இப்போது ஜெக்கை இறக்கி, டயர் நிலத்தில் பட்டுச் சில்லு சுழலாத அளவுக்கு வந்ததும் டோர்க் ரென்ச்சை எடுங்கள். முதல் சுற்று 60-இல், இரண்டாம் சுற்று முழு அளவில், அதே நட்சத்திர ஒழுங்கில்.

கையைக் கைப்பிடியின் நடுவில் வையுங்கள். நடுவிலிருந்து நகர்ந்தால் பல ரென்ச்சுகளில் அளவும் மாறும். மற்றக் கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மெதுவாக, நிறுத்தாமல் இழுங்கள். கிளிக் வந்ததும் விட்டுவிடுங்கள். ஏ5 ஓரத்தில் பஸ் ஹோர்ன் நடுவே சத்தம் கேட்காமல் போகலாம், ஆனால் கைப்பிடி சட்டென்று ஒருதரம் சரிவது கையில் தெரியும். 60 போன்ற குறைந்த அளவில் அது மிக மெல்லியதாக இருக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கிளிக் கேட்டு மகிழ்வதில் பயனில்லை. ஒவ்வொன்றும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும்.

சில்லு சூடாக இருக்கும்போது கடைசி இறுக்கலைச் செய்யாதீர்கள். கடுகண்ணாவை இறங்கி நேரே வந்து நிற்பவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை அதே அளவில் சரிபாருங்கள். கண்டி டவுனுக்கு நாலைந்து தடவை போய் வந்தாலே அந்தத் தூரம் வந்துவிடும். தளர்த்தாமல் இறுக்கும் பக்கமாக மட்டும் இழுங்கள். நட் நகராமல் கிளிக் அடித்தால் சரி. நட் நகர்ந்தால் இறுக்கிவிட்டு, அடுத்த நூறு கிலோமீற்றருக்குப் பின் மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் சில்லைக் கழற்றி ஹப்பையும் ஸ்டட்டையும் பார்க்கவேண்டும்.

கருவியைப் பேணல்

வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருப்பித் தண்டில் உள்ள மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் 103-இல் அழுந்திய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தளரும். ஆனால் அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழேயும் போகக்கூடாது, வில் முற்றாக விடுபட்டு உள்ளே இருப்பவை இடம் மாறலாம்.

உடம்பைத் துணியால் துடைத்தால் போதும். மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே கம்பனி வைத்த கிறீஸைக் கரைத்துவிடும். மகாவலிக் கரையில் இருப்பதால் நமக்கு ஈரம் பெரிய எதிரி. புதிய சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகள் இரண்டை ரென்ச் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை வீட்டு அலுமாரியில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் வெயிலும் குலுக்கலும் சேர்ந்து கெடுக்கும். பல மாதம் எடுக்காமல் இருந்தால், வேலைக்கு முன் நடு அளவு ஒன்றில் ஐந்தாறு தடவை கிளிக் அடிக்கவிடுங்கள், உள்ளிருக்கும் கிறீஸ் பரவட்டும். கீழே விழுந்த ரென்ச்சைச் சோதிக்காமல் பாவிக்கக்கூடாது. கேட்டவருக்கெல்லாம் இரவல் கொடுக்கவும் கூடாது. பக்கத்து வீட்டில் மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை, அவர் காருக்கு நீங்களே போய் இறுக்கிக் கொடுங்கள்.

கையால் இயக்கும் டோர்க் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 நியமம் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5000 கிளிக்குக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்யச் சொல்கிறது. இந்த அளவிலான கிளிக் ரென்ச்சுக்கு அது அனுமதிக்கும் பிழை கூட்டியோ குறைத்தோ 4 வீதம். முறையான சான்றிதழ் வேண்டுமானால் கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடங்களுக்குப் போன் எடுத்து, டோர்க் ரென்ச் எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கராஜ் நடத்துபவருக்கு அது அவசியம். வீட்டுக்காரருக்கு ஓர் அரிசி மூடை போதும்.

ரென்ச்சின் சதுரத் தலையைக் குறட்டு வைஸில் கிடையாகப் பிடியுங்கள், கைப்பிடி தரைக்குச் சமாந்தரமாக நீளட்டும். தலையின் மையத்திலிருந்து 42 சென்ரிமீற்றர் அளந்து கோடு போடுங்கள். நடுத்தர ரென்ச்சில் அது கைப்பிடியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வரும். தராசில் சரிபார்த்த 25 கிலோ அரிசி மூடையைக் கயிறு கட்டி அந்தக் கோட்டில் தொங்கவிடுங்கள். 25-ஐ 9.8 ஆலும் 0.42 ஆலும் பெருக்கினால் 103. ரென்ச்சின் சொந்தப் பாரம் இன்னும் மூன்றுபோலக் கூட்டும், ஆக 106. இப்போது ரென்ச்சை 95-இல் வைத்து மூடையை மெதுவாக, குலுங்காமல் விட்டால் கிளிக் அடிக்கவேண்டும். 115-இல் வைத்தால் அடிக்கக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினால் ஆய்வுகூடம், அல்லது புதிய ரென்ச். உங்கள் கைப்பிடியின் நடு 42-இல் வராவிட்டால், எங்கே வருகிறதோ அந்தத் தூரத்தை வைத்து இதே கணக்கைப் போட்டு, வரும் தொகைக்குப் பத்துக் குறைத்தும் பத்துக் கூட்டியும் சோதியுங்கள்.

பாதையில் தனியே நிற்கும்போது

றம்பொடையில் இரவில் டயர் போனால் ரென்ச் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். (சில ஜப்பான் ஹைபிரிட்களில் மாற்றுச் சில்லே இராது, காற்றடிக்கும் பொறியும் ஒட்டும் திரவமும்தான் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் டிக்கியின் அடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.) காரோடு வரும் பிரேஸ் 30 சென்ரிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியில் 35 கிலோ அளவு இழுத்தால் 103 வந்துவிடும். ஒரு கையால் நன்றாக ஊன்றி இழுக்கும் பலம் அது. மேலே ஏறி நிற்காதீர்கள். 70 கிலோ ஆள் அந்த நுனியில் நின்றால் 200-ஐத் தாண்டும், மிதித்துக் குதித்தால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. கையால் நட்சத்திர ஒழுங்கில் இரண்டு சுற்று இறுக்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டி வந்து, மறுநாள் காலை சில்லு ஆறியிருக்கும்போது எல்லா நட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி, ரென்ச்சால் 60-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.